பிரன்ச் பஃபே: கூப்பிட்டவர் எப்போது உட்காருவார்?

முதல் தடவை வீட்டில் பிரன்ச்சுக்கு 14 பேரைக் கூப்பிட்டிருந்தேன். அவரவர் கேட்டபடி ஆம்லெட் போட்டுத் தருகிறேன் என்று வேறு வாய்விட்டிருந்தேன். ஒரு ஆம்லெட்டுக்கு 3 நிமிடம், 14 பேருக்கு 42 நிமிடம், அப்புறம் நானும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது கணக்கு. வெங்காயம் வேண்டாம் என்பவர், மஞ்சள் கரு ஆகாது என்பவர், "இன்னொன்று கிடைக்குமா" என்பவர், முக்கால் மணி நேரம் தாமதமாக வந்து வாசலில் நிற்பவர் எல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. 11 மணிக்கு அடுப்பு முன்னால் நின்றவன் 1 மணிக்குத்தான் நகர்ந்தேன். கூடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எதற்கென்று தெரியாமலே நானும் கரண்டியும் கையுமாகச் சிரித்து வைத்தேன். அக்கா எட்டிப் பார்த்து, "நீ எப்பதான்டா உட்காரப் போற?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து அந்தக் கேள்விதான் எனக்கு அளவுகோல். ஆற அமரச் சாப்பிடலாம் வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டு, கூப்பிட்டவர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் வந்தவர்களுக்கும் இருப்புக் கொள்ளாது. ஒருவர் மாற்றி ஒருவர் "நான் ஏதாவது செய்யட்டுமா" என்று அடுக்களைக்குள் வந்து நிற்பார்கள். அதனால் கீழே வரும் ஒவ்வொரு தேர்விலும் நான் முதலில் பார்ப்பது, எதைச் செய்தால் சீக்கிரம் உட்காரலாம் என்பதைத்தான். ருசியும் அழகும் அதற்கு அடுத்தது.

பிரன்ச் என்ற சொல்லே சோம்பலுக்கு வக்காலத்து வாங்கப் பிரபலமானதுதான். ஆங்கிலத்தில் காலை உணவுக்கும் மதிய உணவுக்குமான சொற்களை வெட்டி ஒட்டியது அது. 1895ல் கை பெரிங்கர் என்ற இங்கிலாந்து எழுத்தாளர் ஒரு வார இதழில் இதற்காக வாதாடினார். சனிக்கிழமை இரவு கொண்டாடிவிட்டு வந்தவர்களை ஞாயிற்றுக்கிழமை கனமான சாப்பாட்டின் முன்னால் உட்கார வைத்து வதைக்காதீர்கள், தாமதமாக எழுந்து இலேசாக ஆரம்பிக்கட்டும் என்பது அவர் கட்சி. பஃபே என்ற பிரெஞ்சுச் சொல்லோ பாத்திர பண்டம் வைக்கும் பக்கவாட்டு மேசையைக் குறித்தது. ஓரமாக ஒரு மேசை, தாமதமாக எழும் விருந்தாளிகள். இதற்குள் நான் எதற்கு 2 மணி நேரம் அடுப்படியில் நின்றேன்?

பரிமாறுவதா, சுற்றி விடுவதா, பரப்பி வைப்பதா

ஆறு பேர் வரைதான் என்றால் பஃபே வேண்டாம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பாத்திரங்களை நடுவில் வைத்து, கைக்குக் கை மாற்றிக்கொள்வதே அழகு. ஆறு பேருக்கு பஃபே வைத்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் திரும்பி, நடுவில் பேச்சு அறுந்ததுதான் மிச்சமாகும். ஆனால் இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஆறு பேரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வர வேண்டும். மேசையில் தட்டுகள் போக நான்கைந்து பாத்திரங்கள் வைக்கவும் இடம் வேண்டும்.

தட்டில் போட்டு ஒவ்வொருவருக்கும் கொண்டுவந்து கொடுப்பது பார்க்க நன்றாக இருக்கும். உதவிக்கு இன்னொருவர் இல்லாவிட்டால் விடுமுறை நாளில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எட்டு பேரைத் தாண்டினால் பஃபேதான். விடுமுறை நாளில் யாரும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை; குழந்தைகள் தூங்கி எழ வேண்டும், ஒருவர் குளிக்கப் போயிருப்பார், ஒருவர் வழியில் நிற்பார். பத்தரைக்கு வந்தவருக்கும் பதினொன்றரைக்கு வந்தவருக்கும் அதே மேசை காத்திருக்கிறது என்பதுதான் பஃபேயின் பெரிய பலம். குறை என்னவென்றால், கோல் ஊன்றி நடப்பவரும் கைக்குழந்தையோடு வந்தவரும் ஒரு கையில் தட்டையும் மறு கையில் கரண்டியையும் சமாளிக்க முடியாது. அவர்களுக்கு மட்டும் முதலிலேயே தட்டில் வைத்துக் கொடுத்துவிடலாம். ஐந்து நிமிட வேலை.

ஆளுக்கொன்று கொண்டுவாருங்கள் என்று சொல்வது நான்காவது வழி. பாதி வேலை குறையும். ஆனால் என்ன கொண்டுவருவது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டால் மூன்று கேக் வரும், சாப்பாடு வராது. சூடாகப் பரிமாற வேண்டியதை யாரிடமும் கேட்காதீர்கள். கொண்டுவந்தவர் நேராக அடுக்களைக்குள் வந்து, "இதை ஒரு பத்து நிமிஷம் சூடு பண்ணிடலாமா" என்பார்; அந்த நேரத்தில்தான் உங்கள் அடுப்பும் ஓவனும் நிரம்பியிருக்கும். பழம், ரொட்டி, ஜூஸ், ஜாம் ஆகியவற்றை மட்டும் பிரித்துக் கொடுங்கள். நான் இப்போதெல்லாம் இந்தக் கலவையைத்தான் வைத்துக்கொள்கிறேன்: சூடானது என் பொறுப்பு, சூடில்லாதது வருபவர்கள் பொறுப்பு.

காத்திருக்கத் தெரிந்த உணவு, காத்திருக்கத் தெரியாத உணவு

பஃபேயில் என்ன வைப்பது என்று யோசிக்கும்போது நாம் ருசியாகச் செய்யத் தெரிந்ததைத்தான் முதலில் எழுதுவோம். எழுதிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "அரை மணி நேரம் சும்மா இருந்தால் இது என்னவாகும்?" என்று கேட்டுப் பாருங்கள். பட்டியலில் பாதி அடிபடும்.

முட்டையையே எடுத்துக்கொள்வோம். ஆம்லெட் கதையைச் சொல்லிவிட்டேன். கிளறிய முட்டை மொத்தமாகச் செய்யச் சுலபம். ஆனால் சூட்டிலேயே வைத்திருந்தால் நீர் பிரிந்து இறுகும், கொஞ்ச நேரத்தில் ஓரங்களில் பச்சை கலந்த சாம்பல் நிறமும் ஏறும். கெட்டுப்போய்விட்டதோ என்று தோன்றும், அப்படியில்லை. வெள்ளைக் கருவில் இருக்கும் கந்தகமும் மஞ்சள் கருவில் இருக்கும் இரும்பும் சூட்டில் சேர்ந்து உண்டாகும் நிறம் அது. அதிக நேரம் வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் விழுவதும் இதே காரணத்தால்தான். கலக்கும்போது சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் மாறுவது தள்ளிப்போகும். விருந்தாளிக்கு வேதியியல் விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது என்பதால், பஃபேயில் கிளறிய முட்டையை நான் வைப்பதில்லை.

ஓவனில் சுட்ட முட்டை வேறு ரகம். வதக்கிய காய்கறியையும் சீஸையும் போட்டு, அடித்த முட்டையை மேலே ஊற்றிச் சுட்டால் துண்டு போடும் பதத்துக்கு வரும். சூடாகவும் நன்றாக இருக்கும், வெதுவெதுப்பாகவும் நன்றாக இருக்கும். ஓவன் இல்லாவிட்டால் அடிகனமான வாணலியில் மூடி போட்டுச் சிறு தீயில் செய்யலாம். நடுப்பகுதி வெந்ததா என்பதை மட்டும் பார்க்க வேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்கள் நடுவில் 71 டிகிரி செல்சியஸ் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். இதையும் விடச் சோம்பேறித்தனமான வழி ஒன்று உண்டு. முதல் நாள் இரவே ரொட்டித் துண்டுகளை முட்டையும் பாலும் கலந்ததில் ஊறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் எடுத்து ஓவனில் தள்ளிவிடுவது. அது வேகும் நேரத்தில் குளித்துவிட்டு வந்துவிடலாம்.

டோஸ்ட்டும் காத்திருக்காது. அடுக்கி வைத்தால் தன் ஆவியிலேயே நமுத்துப்போகும். டோஸ்டரை மேசையிலேயே வைத்து, வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும் என்று விடுவது நல்ல யோசனைதான். நானும் விட்டேன். டோஸ்டர், மின்கெட்டில் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் சொருகியிருந்தேன். இரண்டும் ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுப்பவை. ஒருவர் ரொட்டியை அமுக்கவும் இன்னொருவர் கெட்டிலைத் தட்டவும் சரியாக இருந்தது. வீட்டில் பாதி இருட்டாகிவிட்டது. டோஸ்டர் வைப்பதானால் அதற்குத் தனிப் பிளக். இல்லாவிட்டால், வெட்டாத முழு ரொட்டியோடு பலகையையும் கத்தியையும் வைத்துவிடுங்கள். முழு ரொட்டி காயாது, பார்க்கவும் கை நீட்டத் தோன்றும்.

பழத்தில் திராட்சையும் ஆரஞ்சுச் சுளையும் பெர்ரியும் எவ்வளவு நேரமானாலும் நிறம் மாறாமல் நிற்கும். வெட்டிய ஆப்பிள் எலுமிச்சைச் சாறு தடவினால் ஒரு மணி நேரம் தாங்கும். வாழைப்பழத்தை உரிக்காமல் வையுங்கள்.

இனி, சூடாக வைத்திருக்கும் வழிகள். கடை விருந்துகளில் பார்க்கும் சேஃபிங் டிஷ், அதாவது அடியில் வெந்நீர்த் தட்டும் அதற்குக் கீழே சிறு எரிபொருள் டப்பாவும் உள்ள பாத்திரம், இருபது பேருக்கு மேல் என்றால் வாடகைக்கு எடுக்கத் தகும். அது சூட்டைத் தக்கவைக்குமே தவிர, ஆறியதைச் சூடாக்காது. அடித்தட்டில் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டு ஏன் சூடேறவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் வழக்கமான தவறு. கொதிநீரைத்தான் ஊற்ற வேண்டும். கைக்கெட்டும் உயரத்தில் தீ எரிவதால், ஓடியாடும் குழந்தைகள் உள்ள வீட்டில் எனக்கு அதில் இஷ்டமில்லை.

ஸ்லோ குக்கர் சூப்புக்கும் குழம்பாக உள்ள எதற்கும் அருமை. ஆனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை நேராக அதில் போட்டுச் சூடாக்கக் கூடாது. அது மெதுவாகச் சூடேறும். கிருமிகள் பெருகும் இளஞ்சூட்டில் உணவு வெகுநேரம் கிடக்கும். அடுப்பில் கொதிக்கவைத்து மாற்ற வேண்டும். ஹாட் பாக்ஸுக்கு மின்சாரமும் வேண்டாம், தீயும் வேண்டாம். ஈரப்பதமான எதையும் நன்றாகக் காக்கும். மொறுமொறுப்பானதை மட்டும் அதில் போட்டுவிடாதீர்கள், மூடியிலிருந்து சொட்டும் நீர் எல்லாவற்றையும் தொளதொளவென்று ஆக்கிவிடும்.

என் ஓட்டு ஓவனுக்கு. ஒரு பெரிய தட்டுக்குப் பதிலாக இரண்டு சின்னத் தட்டுகளில் செய்து, ஒன்றை மேசையில் வைத்து, மற்றதை 95 டிகிரி அளவில் ஓவனிலேயே விட்டுவிடுகிறேன். முதல் தட்டு தீர்ந்ததும் அதை எடுத்துவிட்டு இரண்டாவதை அதே இடத்தில் வைப்பது ஒரு நிமிட வேலை. தாமதமாக வந்தவருக்கும் புதுத் தட்டு கிடைக்கிறது. பாதி தீர்ந்த தட்டின் மேலேயே புதியதைக் கொட்டுவதை விட இதுதான் சுத்தமும்கூட. அப்படிக் கொட்டினால் அடியில் இருப்பது எவ்வளவு நேரமாக வெளியே இருக்கிறது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

நேரம் ஏன் முக்கியம் என்றால், 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். தோதான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். சமைத்த உணவும் பால், முட்டை, இறைச்சி சேர்ந்தவையும் வெட்டிய பழமும் வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியில் 32 டிகிரியைத் தாண்டும் வெயில் என்றால் 1 மணி நேரம்தான். தோட்டத்திலோ மொட்டை மாடியிலோ வைக்கலாமா, வீட்டுக்குள் வைக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கே போதும்: உணவு உள்ளே, நாற்காலி வெளியே. தயிர், சீஸ், வெட்டிய பழம் ஆகியவற்றை ஐஸ் நிரப்பிய அகலமான பாத்திரத்தின் மேல் வைத்தால் குளிர்ச்சி நிற்கும்.

மேசையை எங்கே, எப்படிப் போடுவது

சுவரை ஒட்டிப் போட்டால் இடம் மிச்சம். ஆனால் ஒரு பக்க வரிசைதான். ஒருவர் தட்டு நிரப்ப 2 நிமிடம் என்றால், 14 பேரும் ஒரே சமயத்தில் எழும்போது கடைசியில் நிற்பவருக்கு ஏறக்குறைய அரை மணி நேரம். மேசையை ஒரு மீட்டர் முன்னால் இழுத்து இரண்டு பக்கமும் எடுக்கும்படி செய்தால் அது பாதியாகும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இரண்டு கரண்டி வேண்டும், அவ்வளவுதான் கூடுதல் செலவு.

மூன்றாவது வழி, ஒரே மேசையாக இல்லாமல் பிரித்துப் போடுவது. சூடானவை ஒரு மேசையில், ரொட்டியும் பழமும் இன்னொன்றில், குடிப்பதெல்லாம் தனியாக ஒரு மூலையில். சின்ன வீட்டில்தான் இது இன்னும் நன்றாக வேலை செய்கிறது. எல்லோரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ள மாட்டார்கள். முழுவதும் பிரிக்க இடமில்லாவிட்டாலும், குடிப்பதையாவது பிரித்துவிடுங்கள். காபிக்குச் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டிருப்பவர் பின்னால், முட்டை மட்டும் எடுக்க வந்தவர் நிற்பதைப் போல எரிச்சல் வேறில்லை. வந்ததும் கையில் ஒரு கோப்பை கிடைத்துவிட்டால் சாப்பாடு பத்து நிமிடம் தாமதமானாலும் யாரும் கவனிப்பதில்லை.

அடுக்களை மேடையிலேயே பரப்பலாமா? சமையல் முழுவதும் முடிந்துவிட்டதென்றால் தாராளமாக. பாதி சமைத்துக்கொண்டு பாதி பரப்புவதென்றால் சூடான வாணலிக்கும் விருந்தாளி முழங்கைக்கும் நடுவில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

வரிசையின் தொடக்கத்தில் தட்டு; முள்கரண்டியும் நாப்கினும் முடிவில். ஆரம்பத்திலேயே கொடுத்தால் அவற்றை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் பரிமாறிக்கொள்ள வேண்டும். கொட்டைப் பருப்பு சேர்ந்தது எது, முட்டை இல்லாதது எது, இறைச்சி உள்ளது எது என்று சின்ன அட்டையில் எழுதி வையுங்கள்; 14 பேருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லும் வேலை மிச்சம். முதல் நாள் இரவே காலிப் பாத்திரங்களை மேசையில் அடுக்கி, எதில் எது என்று துண்டுக் காகிதம் ஒட்டிவிட்டுத்தான் நான் தூங்கப் போகிறேன். கரண்டி போதவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

காபியும் தட்டும்

காபியை இயந்திரத்தின் சூட்டுத் தட்டிலேயே விட்டுவைத்தால் அரை மணி நேரத்தில் கசப்பும் புளிப்பும் ஏறிவிடும். சூடு தொடரத் தொடர அதிலுள்ள அமிலங்கள் சிதைந்துகொண்டே போகும். ப்ளாஸ்கில் ஊற்றி வைப்பது எவ்வளவோ மேல். கோப்பை கோப்பையாகப் புதிதாகப் போட்டுத் தருவது எல்லாவற்றையும் விட ருசி, சந்தேகமில்லை. ஆனால் அது ஆம்லெட் கதையேதான். ஒரு ப்ளாஸ்கில் காபி, இன்னொன்றில் வெந்நீர், பக்கத்தில் தேயிலைப் பைகள், முடிந்தது.

காகிதத் தட்டா, வீட்டுத் தட்டா என்பதில் நான் பல தடவை மாறியிருக்கிறேன். காகிதத் தட்டு கழுவும் வேலையை ஒழிக்கிறது. ஆனால் மடியில் வைத்துக் கத்தியால் வெட்டப் போனால் வளைகிறது. ஒருமுறை முழு முட்டைத் துண்டும் சோபாவில் இறங்கியது. நின்றுகொண்டும் மடியில் வைத்தும் சாப்பிடும் கூட்டத்துக்குக் கெட்டியான தட்டுதான் சரி, எல்லாம் ஒரே ஜோடியாக இருக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் உட்கார மேசை இருந்தால் காகிதம் போதும். அளவு 20, 22 சென்டிமீட்டர் இருக்கட்டும். பெரிய தட்டில் முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் மலையாகக் குவித்துக்கொண்டு பாதியை மிச்சம் வைப்பவர்கள், சின்னத் தட்டென்றால் இரண்டாவது முறை எழுந்து வருகிறார்கள். போகிற வழியில் யாரிடமாவது பேச்சுக் கொடுக்கிறார்கள்.

மிச்சம் விழுந்ததில் எதை எடுத்துவைப்பது என்பதையும் அந்த 2 மணி நேரக் கணக்கே முடிவு செய்யும். காலை முழுவதும் வெளியில் இருந்த தயிரையும் வெட்டிய பழத்தையும் மனசு கேட்காமல் ஃபிரிட்ஜில் தள்ளாதீர்கள். போன முறை இரண்டாவது முட்டைத் தட்டுக்கு ஆளில்லை. ஓவனை விட்டு வெளியே வராமல் சூட்டிலேயே இருந்ததால், எல்லோரும் கிளம்பியதும் துண்டு போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். இரவு அதையும் மீந்த ரொட்டியையும் சூடு பண்ணிச் சாப்பிட்டோம். அக்காவுக்கு இரண்டு துண்டு டப்பாவில் போட்டு மதியமே கொடுத்தனுப்பியிருந்தேன்.